இடைவெளி பூஜ்யம்

அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் ஒரு கம்ப்யூட்டர் நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

மலேசியாவில், ஈப்போவில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுப்போம். முதலாளி செட்டிநாட்டு வழி வந்தவர். குடும்பமே வியாபாரத்தில் இருந்தபோது, இவர் மட்டும் கம்ப்யூட்டர்தான் இனிமேல் என்று இறங்கியவர். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா ஆறாம் வகுப்போடு வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு ரப்பர் மரம் சீவப் போனாள். அவள் போனதால்தான் நான் போகாமல் படித்தேன். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நிரலின் வேலை இதுதான். கம்பெனியின் ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் ஒரு கம்ப்யூட்டரும், அதைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடமும் இருந்தன. எங்கள் நிரல் ஈப்போவிலிருந்து தோட்டத்து எண்ணைச் சுழற்றும். அங்கே தொலைபேசி நாலைந்து தடவை அடித்ததும் மோடம் எடுக்கும். பிறகு நிரல் ஒரு கோப்பைத் திறந்து படிக்கும். அதில் இன்னொரு கோப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதையும் திறக்கும், அதிலிருந்து அடுத்ததற்குப் போகும். படித்த சொற்களையெல்லாம் கொண்டுவந்து, எந்தச் சொல் எந்தத் தோட்டத்தில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைக்கும். தலைமையகத்தில் ஒருவர் ‘உரம்’ என்று தட்டினால், உரத்தைப் பற்றி எந்தத் தோட்டத்தில் என்ன எழுதினாலும் திரையில் வந்து நிற்கும். அந்தக் காலத்தில் அது எங்களுக்கு மாயவித்தை மாதிரி.

அதை எப்படி ஓட விடுவது என்பதுதான் என் பொறுப்பு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி. நிரலின் பெயரை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். மறுபடி சாய்கோடு, வேறு எழுத்து, வேறு எண். டி என்றால் ஆழம், கோப்புக்குள் கோப்பாக எத்தனை படி இறங்கலாம் என்று. எக்ஸ் போட்டு ஒரு பெயரை அடித்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கையேடு தேவைப்படவில்லை. தோட்டத்தில் மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் அந்த மரத்துக்குக் கத்தி போகாது. பால் பிடிக்கிற அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும். எக்ஸும் அப்படித்தான். ஆர் என்றால், இணைப்பு கிடைக்காவிட்டால் எத்தனை தடவை மறுபடி கூப்பிடுவது என்பது. டபிள்யூ என்றால், ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது.

கையேட்டில் டபிள்யூவுக்கு நேராக, இதைக் குறைக்க வேண்டாம், அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கம்பி தேவைப்படும் என்று எழுதியிருந்தது. படித்தேன். புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கம்பெனியுடையதுதான் எங்கள் தோட்டமும். கோலா கங்சாருக்குப் போகிற வழியில் உள்ளே இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யார் வீட்டிலும் தொலைபேசி கிடையாது. தோட்டம் முழுவதற்கும் ஆபீசில் இருந்த ஒன்றுதான், மோடமும் அதே கம்பியில்தான். வாரநாளில் அது தோட்டத்தை நடத்தும் துரைக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை கிராணி ஆபீசைத் திறந்து வைப்பார். கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிள்ளைகள், சிங்கப்பூரில் இருக்கிற புருஷன்மார்கள் கூப்பிடுகிற நேரம் அது. பெண்கள் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிடுகிறவன் பார்க்கவா போகிறான் என்று யாராவது கேலி செய்வார்கள். என்றாலும் பூ வைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

அக்காவும் அப்படிப் போகிறவள்தான். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங், பற்றவைப்பு வேலை பார்த்தார். தங்கியிருந்தது ஆட்கள் கொட்டகையில். அங்கே தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்து, ரோட்டோரத்துப் பொதுத் தொலைபேசியில் வரிசை நின்று கூப்பிடுவார். மகளுக்கு அப்போது நாலு வயது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது, அக்கா மீன் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். மாமாவின் கம்பெனி அரபு நாட்டுக்கு ஆள் அனுப்புகிறது. இரண்டு வருஷ ஒப்பந்தம். நடுவில் ஊருக்கு வர முடியாது. நாளை மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

“போன வாரம் கூப்பிட்டப்ப சொன்னாரு. நாளைக்கு ஓவர்டைமாம், கூப்பிட முடியாதாம். நீ யோசிச்சு வையி, கையெழுத்துக்கு மொத நாளு கூப்பிடுறேன், நீ வேணாம்னா வேணாம்னாரு.”

“நீ என்னக்கா சொல்லப் போற?”

“வேணாம்னுதான். தோட்டத்தையே துண்டு போட்டு விக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. லயத்த ஒடச்சா நான் புள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க போறது? கமுந்திங்ல பேக்டரி தொறந்து ஆள் எடுக்குறாங்களாம். பத்த வைக்கத் தெரிஞ்சவன ஒடனே எடுத்துக்குவாங்களாம். வாங்க, இங்கயே இருக்கலாம்னு சொல்லப் போறேன்.”

“அப்ப ஒடனே கடுதாசி போடேன்.”

“கடுதாசி போயி, கொட்டகைல எவன் கையிலயோ கெடச்சு, படிச்சுக் காட்டி சிரிப்பானுங்க லா. எங் கொரல்ல சொல்றேன். எங் கொரலு கேட்டா அவரு போவ மாட்டாரு.”

சொல்லிவிட்டு வெட்கப்பட்டு, மீன் கழுவிய தண்ணீரை வாசலுக்கு வெளியே ஊற்றினாள். அக்கா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கையெழுத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நிரலை ஓட விடுவோம். இந்த வாரம் மட்டும் காலையில் ஓட வேண்டும் என்றார். திங்கட்கிழமை தலைமையகத்தில் கூட்டம், ஞாயிறு மத்தியானத்துக்குள் அட்டவணை தயாராக இருக்க வேண்டும்.

“ஞாயித்துக்கிழம காலைல தோட்டத்து ஆளுங்க போன் பேசுவாங்க சார்.”

“எல்லாத் தோட்டத்துலயுமா?”

“எங்க தோட்டத்துல.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அத மட்டும் விட்டுடுங்க தம்பி. எக்ஸ் போட்டுடுங்க. கூட்டத்துல கேட்டா நான் ஏதாவது சொல்லிக்கிறேன்.”

அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். அவர் வழிவிட்டுத்தான் கொடுத்தார். ஆனால் எனக்கு வேலையில் ஒரு ரோஷம். எங்கள் தோட்டம் மட்டும் அட்டவணையில் இல்லாமல் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தவன் நான் என்று ஒரு நினைப்பு. தோட்டத்தையும் தெரியும், நிரலையும் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் அந்த மாடியில் நான் ஒருவன்தானே.

“வேணாம் சார். ஒம்பது மணிக்கு முன்னாலயே எங்க தோட்டத்த முடிச்சிடுறேன்.”

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு தொலைபேசிக் கம்பி. ஒன்றை எங்கள் தோட்டத்துக்கு மட்டும் ஒதுக்கினேன். மற்றத் தோட்டங்களெல்லாம் இன்னொன்றில். எங்கள் தோட்டத்தைப் படித்து முடிக்க அரைமணி நேரம் போதும். ஆறரைக்கு ஆரம்பித்தால் ஏழு மணிக்கு முடிந்துவிடும். கம்பி ஏதாவது மக்கர் பண்ணி நேரம் போய்விடக் கூடாது என்று, ஆரில் எல்லை இல்லை என்று போட்டேன். கிடைக்கும் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். டபிள்யூவில் பூஜ்யம் போட்டேன். ஒரு அழைப்பு அறுந்த அந்த நொடியே அடுத்தது. எல்லாம் ஒன்பது மணிக்குள் முடிக்கத்தான். அக்காவுக்காகத்தான்.

முந்தின நாள் சாயங்காலம் கோலா கங்சார் பக்கம் பெரிய இடி மழை. இடி இடித்தால் கிராணி ஆபீசின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மோடம் வந்த புதிதில் ஒன்று இடியில் கருகிப் போனதிலிருந்து அந்தப் பழக்கம். அது எனக்கும் தெரியும். ஈப்போவில் மழை இல்லாததால் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கம்ப்யூட்டரையும் ஓட விட்டேன். மற்றத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்தக் கம்ப்யூட்டரில் வட்டு நிரம்ப நிரம்ப எடுத்து வேறு வட்டுப் போட வேண்டும். என் கவனம் முழுக்க அதில். எங்கள் தோட்டத்துத் திரையில் ‘அழைக்கிறது, பதில் இல்லை, அழைக்கிறது, பதில் இல்லை’ என்று வரிகள் ஏறிக்கொண்டே இருந்தன. கம்பியில் தண்ணீர் இறங்கியிருக்கும், காய்ந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒன்பது மணி தாண்டியதும் வரிகள் கொஞ்சம் மாறின. ‘எடுக்கப்பட்டது, இரைச்சல், துண்டிப்பு, அழைக்கிறது.’ சரி, கம்பி உயிர் பெறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். மணியைப் பார்த்தேன். இதோ ஒட்டிக்கொள்ளப் போகிறது, ஒட்டிக்கொண்டால் அரைமணி நேரம், அதற்குப் பிறகு மாமா கூப்பிட நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கீழே போய்க் கோப்பியைப் பையில் கட்டி வாங்கிக்கொண்டு வந்து, அந்தத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்து குடித்தேன். சலிக்காமல் கூப்பிடுகிற அந்த நிரலைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி வந்தார்.

“ஒங்க தோட்டம் இன்னும் வரலையா தம்பி?”

“கம்பி சரியில்ல சார். ஆனா விடாம கூப்பிட்டுக்கிட்டிருக்கு.”

அவர் குனிந்து திரையைப் படித்தார். விரலை ஒரு வரியில் வைத்தார்.

“கம்பி சரியில்லன்னா எடுக்கப்பட்டதுன்னு எப்படி வரும்? மோடம் எடுத்திருந்தா எப்பவோ பேசியிருக்கும். இது யாரோ ஆள் எடுக்குறாங்க.”

நிரலை நிறுத்தினேன். என் கையாலேயே எண்ணைச் சுழற்றினேன். கிராணிதான் எடுத்தார்.

“யாரு, தம்பியா? காலைலேருந்து இந்தப் போனுக்குப் பேய் புடிச்சிருக்கு லா. அடிக்குது, எடுத்தா கூவுது. எல்லாரும் ஒக்காந்து பாத்துட்டு இப்பத்தான் போறாங்க. ஒங்க அக்கா கடைசி வரைக்கும் இருந்துச்சு.”

அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக விளங்கியது. இடிக்குப் பயந்து கிராணி மெயினை அணைத்திருப்பார், ஒன்பது மணி வரைக்கும் மோடத்துக்குக் கரண்டு இருந்திருக்காது. அதற்குப் பிறகும் யாரும் எடுக்காமல் விட்டிருந்தால், நாலைந்து தடவை அடித்ததும் மோடம் எடுத்திருக்கும், அரைமணியில் வேலை முடிந்து கம்பி காலியாகியிருக்கும். ஆனால் புருஷனுடைய அழைப்புக்காகப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், மணி அடித்தால் எடுக்காமல் இருப்பார்களா?

அக்கா வீட்டு வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் தலையில் காலையில் வைத்த பூ அப்படியே இருந்தது. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவள் பின்னுவதை நிறுத்திவிட்டாள்.

“கிராணி மெயின போட்டுட்டு, மணியடிச்சா எடுங்கன்னு சொல்லிட்டு சாப்புடப் போய்ட்டாரு. நாந்தான் போன் பக்கத்துல இருந்தேன். எடுத்தா விட்டு விட்டு ஒரு கூவல், நடுவுல இரைச்சல். சிங்கப்பூர் லைன்னா மொதல்ல அப்படித்தான இருக்கும்? பொறுத்துக்கிட்டிருந்தா கொரலு வரும். அதான் பொறுத்துக்கிட்டே இருந்தேன். கட் ஆவும், ஒடனே மறுபடி அடிக்கும். பாவம், வரிசைல நின்னு காசு காசா போட்டு மறுபடி மறுபடி கூப்பிடுறாருன்னு நெனச்சேன்.”

நான் வாசல் படியில் உட்கார்ந்தேன்.

“நம்ம பேச்சு அங்க கேக்கும், அவரு பேச்சுதான் இங்க வரலன்னு பக்கத்து வீட்டக்கா சொன்னுச்சு. அதனால நான் சொல்லிட்டேன். போவாதீங்க, கமுந்திங்ல வேல இருக்கு, வந்துடுங்கன்னு. எல்லாரும் ஒக்காந்திருக்காங்க, வெக்கத்த விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு தடவ எடுத்தப்பவும் சொன்னேன்.”

பிறகு அவளே சிரித்தாள். “ஒன் மிசின்கிட்டயா லா சொல்லிக்கிட்டிருந்தேன்? அதுக்காவது கேட்டுச்சா?”

கேட்டது. இரைச்சல் என்று எழுதி வைத்துக்கொண்டது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஈப்போ தபால் நிலையம் திறந்ததும் முதல் ஆளாக நின்று தந்தி கொடுத்தேன். கையெழுத்து வேண்டாம், ஊருக்கு வரவும் என்று. தந்தி கொட்டகைக்குப் போனபோது மாமா பட்டறையில் இருந்தார். சாயங்காலம் திரும்பி வந்துதான் பார்த்திருக்கிறார். கையெழுத்துக் காலையிலேயே முடிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் தோட்டத்து ஆபீசில் போய் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்த அழைப்பே மாமாவுடையதுதான். அக்கா ரிசீவரைக் காதில் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்ததால் அவர் பேசுவது எனக்கும் கேட்டது.

“முழுக் காலையும் எங்கேஜ். ரெண்டு தடவ வரிசைல பின்னால போய் நின்னு மறுபடி வந்தேன். கிராணி போன எடுத்துக் கீழ வெச்சிட்டாரு போல, கோயில்ல விசேஷம் போலன்னு நெனச்சேன். ஒனக்குப் புடிக்கலன்னா நீ எப்படியாச்சும் சொல்லி அனுப்பியிருப்பன்னு நெனச்சேன். ஒன்னும் வரல. சரி, சம்மதம்தான்னு போட்டுட்டேன். தந்தி சாயங்காலந்தான் பாத்தேன். கம்பெனிக்காரன் இப்ப முடியாதுங்கறான். பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்டான்.”

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்ததை அவரிடம் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். ரிசீவரை என்னிடம் கொடுத்தால் நானே சொல்லிவிடுவதாகவும் இருந்தேன். அவள் சொல்லவில்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை.

“சரி, போய்ட்டு வாங்க. ஒடம்பப் பாத்துக்குங்க” என்றாள். மகளிடம் கொடுத்துப் பேசச் சொன்னாள். அவ்வளவுதான்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இனி எந்தத் தோட்டத்துக்கும் ஞாயிறு காலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டபிள்யூவை மட்டும் எப்போதும் நீளமாக வையுங்கள் தம்பி என்றார். வைத்தேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த ஒற்றை வரியைச் சொல்லிக் கொடுக்கும்போது டபிள்யூவில்தான் ஆரம்பிப்பேன். இவர் ஏன் இதற்குப் போய் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

மாமா போன சில மாதங்களில் தோட்டத்தைத் துண்டு போட்டார்கள். லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது நான் அக்காவை ஈப்போவுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. கமுந்திங் பேக்டரிக்குப் போய் அவளே வேலை கேட்டாள். பற்றவைக்கிற வேலை இல்லை, சட்டை தைக்கிற பக்கம். அங்கேயே ஒரு அறை எடுத்து, மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்தாள். வீடு பார்த்தது, பள்ளி பார்த்தது, ஷிப்டுக்கு ஏற்றபடி பிள்ளையை யாரிடம் விடுவது என்பது எல்லாம் அவளாகச் செய்ததுதான். மாமாவுக்குக் கடுதாசி போடுவாள். செய்யலாமா என்று கேட்டு அல்ல, செய்தாகிவிட்டது என்று சொல்லி. அங்கிருந்து பதில் வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் எதுவும் காத்திருக்காது.

ஒப்பந்தம் முடிந்து மாமா வந்தார். நல்லபடியாகத்தான் வந்தார், எந்தக் குறையும் இல்லை. இரண்டு வாடகை வீடு மாறி, இப்போது கமுந்திங்கிலேயே வேறு வீட்டில் இருக்கிறார்கள். மகள் அப்பாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது.

போன மாதம் கமுந்திங்குக்குப் போயிருந்தேன். மாமா முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டு என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் படகுப் பட்டறையில ஆள் கேக்குறான் மச்சான். தங்க எடம் அவனே குடுக்குறான். வாரத்துல ஒரு நாள் வந்துட்டுப் போலாம். திங்கக்கெழம சேரலாம்னு இருக்கேன்.”

“அக்காகிட்ட கேட்டீங்களா மாமா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. நான் கேட்டதே அவருக்குப் புரியாத மாதிரி இருந்தது. “கேக்கணுமா? அவ எதுக்கும் ஒன்னும் சொல்ல மாட்டா.”

சமையல்கட்டுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். நான் எழுந்து உள்ளே போனேன். பிற்பகல் ஷிப்டுக்குப் போக, பேக்டரி நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மாமா ஹுத்தான் மெலிந்தாங் போறாராம்.”

“ஆமா, காதுல விழுந்துச்சு.”

“நீ போக வேணாம்னு சொன்னா போக மாட்டாரு.”

அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா செய்தித்தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அவள் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும்.

“அதெல்லாம் அப்ப, தம்பி” என்றாள் மெதுவாக. “சாப்புடு. பஸ் வந்துடும், நான் போணும்.”

தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.